மெஷின் பெயரில் கிடந்த ஃபைல்

டைப் அடிப்பது சுலபம். அடித்ததை மறுபடி தேடித் திறப்பதுதான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் உத்தியோகம். ஆபீசில் ஒரு ஃபைலைத் தேடி முழி பிதுங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தேன். எல்லா ஃபைலும் சர்வரில். டிபார்ட்மென்ட், அதற்குள் செக்‌ஷன், வருஷம், மாதம், ஷிஃப்ட் என்று டைரக்டரிக்குள் டைரக்டரி. எடிட்டர் என்ற டைப் அடிக்கும் புரோகிராமில் அத்தனை பெயரையும் வரிசையாக அடித்தால்தான் ஃபைல் திறக்கும்.

ஓர் எழுத்து

ஃபைல் பெயரில் ஓர் எழுத்து தப்பினால், எடிட்டர் புதிதாக ஒரு காலி ஃபைலைத் திறந்து வைக்கும். ஒருநாள் மேனேஜர், ஆர்டர் கொடுக்க வந்தவரை என் பின்னால் நிறுத்திக்கொண்டு, எத்தனை பாகம் ரிஜெக்ட் ஆனது என்று காட்டும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கேட்டார். பதற்றத்தில் அடித்தேன். காலித் திரை. திரும்ப அடித்தேன், மறுபடியும் காலி. மேனேஜர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஆர்டரும் வரவில்லை. வந்தவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "ரிஜெக்‌ஷனே இல்லன்னு எடுத்துக்கலாமா?"

வசந்தா

பக்கத்து சீட் வசந்தா ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். நாள் முழுக்க அடித்து அடித்து மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றிக்கொண்டு வருவாள். வலி தாங்காமல் அவளே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள். இரண்டு எழுத்து தட்டினால், எவ்வளவு ஆழத்தில் இருக்கும் ஃபைலும் எடிட்டரில் வந்து நிற்கும். மேனேஜர் வந்து பார்த்துப் பாராட்டினார். அடுத்த மாதமே, வேலை இவ்வளவு சீக்கிரம் முடிகிறதென்றால் இந்த அறைக்கு ஓர் ஆள் போதும் என்றார். நான் சீனியர் என்பதால் தப்பித்தேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தபடி சொன்னாள்: "புது டைரக்டரி போட்டாங்கன்னா என் புரோகிராம்ல ஒரு லைன் சேர்த்துக்கோங்க சார். இல்லன்னா தொறக்காது."

ஏழுமலை

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மெஷின் ஆபரேட்டர் ஏழுமலைக்கு இரண்டு விரல் போய்விட்டது. வக்கீலிடம் காட்ட விபத்து ரிப்போர்ட் வேண்டுமென்று அவர் மனைவி செல்வி சென்னீர்குப்பத்திலிருந்து வந்தார். அதை அடித்த பிரஸ் ஷாப் கிளார்க் வேலையை விட்டுப் போயிருந்தார்; எந்தப் பெயரில் வைத்தார் என்று தெரியாததால் வசந்தாவின் புரோகிராமும் உதவவில்லை. செல்வி செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஏசி குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பர்சனல், சேஃப்டி என்று ஏழுமலை பெயரில் எல்லா டைரக்டரியிலும் துழாவினேன். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் அகப்பட்டது, மெயின்டனன்ஸில், பிரஸ் மெஷின் பெயரில்.

பிரின்ட் எடுத்து, தமிழில் படித்துச் சொன்னேன். மெஷின் நின்றது, டை என்கிற அச்சு சேதமானது, பழுது பார்த்தது, மறுபடி ஓடியது. கடைசி வரி: ஆபரேட்டர் மாற்றப்பட்டார். அந்தத் தாளை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மிசினு நல்லாயிட்ச்சின்னு எழ்திகீறாங்க. அவருக்கு இன்னா ஆச்சுன்னு எங்க சார் கீது?"

நான் அங்கே இருந்த வரைக்கும் ஃபைலைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி விரட்டாத ஆளில்லை, திறந்ததை உட்கார்ந்து படித்த ஆளுமில்லை.