பிரியாணிக்கு எடுத்து வைத்த சிவப்பு

கடையில் விற்கும் கலர் பொடி எனக்கு ஆகாது. விரலில் பட்டால் இரண்டு நாள் போகாததைச் சோற்றில் ஏன் போட வேண்டும்? இதைப் பள்ளியில் சொன்னபோது, மலைக்குக் கீழே ஸ்ரீமதுரை கிராமத்துக்காரரான சக ஆசிரியை லீவுக்குப் போய் வருகையில் சோற்றுக்குச் சிவப்பு ஏற்ற, தன் வேலியோரத்துக் குங்கும மரத்து விதைகளைக் கொண்டுவந்து தந்தார்.

"எண்ணெயில லேசா சூடு காட்டினா போதும் டீச்சர். கருக விட்டா கசக்கும்."

புத்தாண்டுக்கு முதல் நாள், தேங்காயெண்ணெயில் விதைகளைப் போட்டுச் சிறுதீயில் வைத்தேன். எண்ணெய் செக்கச்செவேலென்று ஆனதும் வடிகட்டி, காலியான தலையெண்ணெய் பாட்டிலில் ஊற்றினேன். மலைமேல் இருக்கும் எங்கள் காந்தல் ஊர்க் குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் தலைக்கு வைக்கும் எண்ணெயும் அடுப்போரம்தான் இருக்கும். இதையும் அங்கேயே வைத்தேன். தப்பு என்னுடையதுதான்.

மறுநாள் விடியுமுன் என் கணவர் பூசைக்குக் கிளம்பினார். நான் டீ போட்ட சூட்டில் எண்ணெய் இளகியிருந்தது. பாட்டிலை அப்படியே தலையில் கவிழ்ப்பது அவர் வழக்கம். தேய்த்துவிட்டுக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் தலையில் ஒரு முடிகூடக் கறுப்பு கிடையாது.

திரும்பி வந்து குல்லாவைக் கழற்றினார். தலையும் சட்டைக் காலரும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன.

"ஏனுங்க, கண்ணாடி பாக்கலீங்களா?"

"கோயில்ல குல்லாவக் கழட்டினதும் எல்லாரும் என்னையவே பாத்தாங்க. புதுச் சட்டைக்குன்னு நெனச்சேன்."

பாட்டிலில் ஒரு கரண்டிதான் மிஞ்சியிருந்தது. அதை ஊற்றித் தம் போட்டேன். மதியம் தட்டில் பிரியாணியைக் கிளறிப் பார்த்தவர், "என்ன, கலரே இல்ல?" என்றார்.

நான் அவர் தலையைப் பார்த்தபடி இன்னொரு கரண்டி வைத்தேன்.