வில் நுனிக்கு நான் போட்ட புஷ்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தகரக் கொட்டகையில் ரப்பரை அச்சில் வைத்து அழுத்துகிற ஒரே ஒரு கைப்பிரஸ்ஸோடு தொழிலில் இறங்கினேன். கோயம்புத்தூரைச் சுற்றிச் சொட்டாமல் ஓடிய மோட்டார்களில் பாதிக்கு என் வாசர்தான். கிரைண்டருக்கு அடியில் வைக்கிற கட்டை ரப்பர், வால்வுக்குள் போகிற வளையம், எதைக் கேட்டாலும் அச்சு வெட்டி அடித்துக் கொடுப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையாகவே இருந்தால்தான் என்ன, உழைத்தது நான்தானே.

கம்பெனியை மகன் கையில் கொடுத்த பிறகு வில் எடுத்தேன். அன்னூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போல நாலைந்து பேர், வைக்கோல் அடைத்த சாக்கைக் குறியாக வைத்து அம்பு விடுகிறோம். கப்பியும் கண்ணாடியும் வைத்த புதுமாதிரி வில் எங்களுக்கு ஆகாது. மூங்கிலும் மரமும் சேர்த்து ஒட்டிய பழைய மாதிரிதான். எனக்கு அதைச் செய்து கொடுத்தவர் கோட்டைமேட்டு பாய். வார்ப்படப் பட்டறைகளுக்கு, இரும்பு வார்க்கிற அச்சு எடுக்க மரத்தில் மாதிரி, பேட்டர்ன், செய்கிறவர். தகரக் கொட்டகைக் காலத்துச் சிநேகம்.

வில்லில் முதலில் கெடுவது நுனிதான். இருப்பதிலேயே மெல்லிசான இடம் அது. நாணேற்றும்போது கீழ்நுனியைத் தரையில் ஊன்றி, நடுவில் முழங்காலைக் கொடுத்து வளைப்போம். மொத்த அழுத்தமும் அந்த நுனியில் இறங்கும். கல்லும் ஈரமும் அதைத்தான் தின்னும். அது பிளந்துவிட்டால் அப்புறம் வில்லை நம்பி இழுக்க முடியாது. கைத்தடிக்குப் போடுகிற புஷ் மாதிரி, ஆனால் நுனியின் வடிவத்துக்கே அச்சு வெட்டி, கறுப்பு ரப்பரில் இரண்டு புஷ் அடித்தேன். கீழே போடுவது நுனியைக் காக்கும், நாணின் வளையத்தையும் நழுவ விடாது. மேலே போடுவது, கார் கதவிலும் சுவரிலும் இடிபடாமல் இருக்க.

பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க மொதலாளி, வில்லுக்குச் செருப்புத் தெச்சுப் போட்டுட்டீங்களா?"

"தரையில நிக்கறதுக்கெல்லாம் செருப்பு வேணுமுங்க பாய்."

"அப்ப மேல இருக்கறது?"

"அது மண்டை வழுக்கை ஆகாம இருக்கறதுக்கு. உங்களுக்கும் ஒண்ணு அடிச்சுத் தரட்டுங்களா? லேட்டாயிப் போச்சு, இருந்தாலும் பாக்கலாம்."

எங்கள் கம்பெனியில் ஓடிய கடைசி அச்சு அதுதான். அடுத்த மாதமே மகன் பிரஸ்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். இப்போது சரக்கு வெளியிலிருந்து வருகிறது. எங்கள் பெயர் அச்சடித்த பையில் போட்டு அனுப்புகிறார்கள்.

ஆயுத பூஜைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தோப்பில் ஒரு போட்டி வைத்திருந்தோம். ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் மண்டிக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. முந்தைய தடவை என் முகத்துக்கு நேராகவே, "கை நடுங்குதுங்களே" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். "வாங்க, என்ற கை நடுங்குதா, அந்தச் சாக்கு நடுங்குதான்னு பாத்துப்போடலாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே விடிந்ததும் எழுந்து பழகிக்கொண்டிருந்தேன்.

பூஜைக்கு முதல் நாள் மகன் போன் செய்தான். "அப்பா, உங்க வில்லையும் கொண்டாங்க. சாமிக்கு முன்னாடி வெச்சுப்போடலாம்." எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பிரஸ் ஒன்றுகூட இல்லாத இடத்தில் என்னுடையது என்று ஒன்றை வைக்கச் சொல்கிறானே என்று நினைத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துப் போனேன்.

புது ஆபீசில் தரை முழுக்கக் கிரானைட். கம்பெனியைப் பற்றி இன்டர்நெட்டில் போட, ஒரு அம்மணி கேமராவோடு வந்திருந்தது. வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைக்கப் போனவன், திரும்பி உள்ளே வந்தேன். மேஜைமேல் என் புஷ் இரண்டும் கிடந்தன. மகன் வெறும் நுனியைக் கிரானைட்டில் ஊன்றி, நாண் மாட்டுகிறேன் என்று வில்லை வளைத்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு, வேண்டாம்" என்றேன். அதற்குள் நுனி வழுக்கிச் சுவரில் போய் மோதியது. காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். ஊன்றிய நுனி விரல் நீளத்துக்குப் பிளந்துவிட்டது.

"எதுக்கு அதைக் கழட்டுன?"

"கறுப்பா அசிங்கமாத் தெரியுதுன்னாங்கப்பா, போட்டோவுல. வெறும் ரப்பர்தானுங்களே?"

வெறும் ரப்பர். இவன் ரப்பர் கம்பெனியின் முதலாளி. இவன் குடித்த பால், படித்த படிப்பு, இவன் கல்யாணப் பந்தல் எல்லாமே அந்த வெறும் ரப்பர்தான்.

ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் மகனைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவனோ என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "உடுங்கப்பா, ஆன்லைன்ல கார்பன்ல புதுசாவே வாங்கிப்போடலாம்" என்றான். அந்த அம்மணி பிளந்த நுனி மேலே வரும்படி வில்லைத் திருப்பி, பிளவு தெரியாமல் செவ்வந்திச் சரத்தைச் சுற்றி என் கையில் கொடுத்தது. "கொஞ்சம் சிரிங்க சார்." சிரித்தேன்.

மறுநாள் பாய் அதைத் தடவிப் பார்த்தார். "ஒட்டி நூல் சுத்தித் தாரேனுங்க. சுவத்துல மாட்டிக்கலாம். இழுக்கறதுக்கு நான் பொறுப்பில்லீங்க." வேறு வில்லைக் கடன் வாங்கிப் போயிருக்கலாம். கைக்குப் பழகாத வில்லோடு போய், அந்த ஈரோட்டுக்காரர் வாயில் நான் எதற்கு விழ வேண்டும்? போகவில்லை. கை நடுக்கம்தான் காரணம் என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஆபீசுக்குள் நுழைந்ததும் எதிரில் என் படம்தான், ஆள் உயரத்துக்கு. வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "அப்பா பெரிய வில்லாளிங்க" என்று மகன் சொல்கிறான். தீபாவளிக்கு இனிப்புக் கொடுக்க வந்த பாய் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மொதலாளி, வில்லைத் தலைகீழாப் புடிச்சிருக்கறீங்க."

"தெரியுமுங்க பாய்."

"மகன்கிட்டச் சொல்லலீங்களா?"

"இன்னும் அவன் கேக்கலீங்க."

புஷ் இரண்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அந்தப் படத்துக்குக் கீழே மாட்டலாம் என்று மகன் இப்போது கேட்கிறான். முதலாளி கையாலேயே செய்தது என்று எழுதிப் போடுவானாம். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது.