பீதம்புராவைப் பார்த்து நின்ற வேன்

ஓடுகிற வண்டியின் கூரையில் டெலிவிஷன் ஆன்டெனாவை வெல்டிங் வைத்து ஒட்டிய ஒரே மத்திய அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன். வண்டி திரும்பினால் ஆன்டெனாவும் கூடவே திரும்பும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். இயற்பியலில் பட்டம் வாங்கியவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி சொல்லிவிடுவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். டெல்லியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் பல மொழிப் பாடல் நிகழ்ச்சி ஒன்றில் பாட மனைவிக்கு வாய்ப்பு வந்து, பாடி, பதிவும் முடிந்திருந்தது. நான்கு நிமிடம், தனியாக. எப்போது காட்டுவார்கள் என்றுதான் தெரியவில்லை. வியாழக்கிழமை கடிதம் வந்தது: வருகிற ஞாயிறு, காலை பத்தரை மணி. அதே ஞாயிறு நாங்கள் ஹரித்வார் போக வேன் பேசியிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணனுக்காக. திங்கள் இரவு அவருக்கு ரயில். ஞாயிறு மாலை கங்கை ஆரத்தியைப் பார்க்க வேண்டுமானால் காலை எட்டுக்கே கிளம்பியாக வேண்டும்.

"போட்டும், விடுங்க. நான் பாடினதை நான்தான் அன்னிக்கே கேட்டாச்சே" என்றாள்.

அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய பதிமூன்றாவது வயதில், "பொட்டப்புள்ளைக்குப் பாட்டு எதுக்கு?" என்று சொல்லிப் பாட்டு வாத்தியாரை வாசலோடு திருப்பி அனுப்பியவர் இந்த அண்ணன்தான். டெல்லிக்கு வந்து, முப்பது வயதுக்கு மேல், மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டாள். நாடு முழுவதும் பார்க்காவிட்டாலும் அவளுக்குக் கவலையில்லை. அந்த ஒருவர் பார்க்க வேண்டும்.

"வேன்லயே டி.வி. வெச்சுடறேன்" என்றேன். வீரம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

வேன்காரர் கடுவால் மலைப்பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். யாத்திரை போகிறவர்களுக்காக வண்டியின் பின்பகுதியில் இரண்டு பலகைப் படுக்கை, ஒரு ஸ்டவ், தண்ணீர் டிரம் என்று ஒரு சின்னக் குடித்தனமே வைத்திருந்தார். எங்களுடைய பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி வண்டி பேட்டரியிலும் ஓடும். மிச்சம் ஆன்டெனா மட்டும்தான். நூலகத்திலிருந்து ரேடியோ அலைகள் பற்றி முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். சனிக்கிழமை வேனை எங்கள் தெருவில் நிறுத்தி, திசைகாட்டியும் டெல்லி வரைபடமுமாகக் கூரைமேல் ஏறி, பீதம்புரா டி.வி. கோபுரத்தைக் குறிவைத்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. நெடுஞ்சாலைக் காற்றில் இந்தத் துல்லியம் கெட்டுவிடக் கூடாதே என்று, ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கமிருந்து வெல்டரைக் கூட்டிவந்து, ஆன்டெனாவைக் கேரியர் கம்பியோடு ஒட்டவைத்துவிட்டேன்.

பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த வேன்காரர் ஹிந்தியில் கேட்டார்: "பாபூஜி, இது திரும்பவே திரும்பாதா?"

"அசையக்கூட அசையாது" என்றேன் பெருமையாக.

அவர் பீடியை அணைத்துவிட்டு வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் எங்கள் தெருமுனையில் இடதுபக்கம் திரும்பியது. திரையில் பேசிக்கொண்டிருந்த பெண்மணி பொரிபொரியாக உதிர்ந்து காணாமல் போனார்.

"என்ன மாப்ளே, உங்க டெல்லியில டி.வி. பெட்டிக்குள்ளயும் பனி பெய்யுமோ?" என்றார் மச்சான். வந்த நாளிலிருந்து கழற்றாத குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து கண்கள் மட்டும் சிரித்தன.

பெட்டியின் தலையில் தட்டினேன். வேறென்ன செய்வது? காஜியாபாத் நெரிசலில் ஒரு தடவை வேன் தற்செயலாகச் சரியான திசையில் மாட்டிக்கொண்டு நிற்க, இரண்டு நிமிடம் படம் தெளிவாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டிராஃபிக் ஜாம் நீடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது ஜல்தியாகக் கலைந்தது.

மோடிநகரைத் தாண்டும்போது மணி பத்தே கால்.

"ஏங்க, அதை அணைச்சிடுங்க. அண்ணனுக்குக் கண்ணு வலிக்கும்" என்றாள் மனைவி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

வேன்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாலையோரத் தாபா ஒன்றின் முற்றத்தில் வண்டியை நுழைத்து இறங்கினார். என் ஆன்டெனாவை அவர் பார்க்கவில்லை, நான் நீட்டிய திசைகாட்டியையும் பார்க்கவில்லை. ஊர்க் கூரைகளைப் பார்த்தார். தாபா கூரையின் உயரமான மூங்கிலில் தொடங்கி, தூரத்து வீடுகள் வரை அத்தனை ஆன்டெனாக்களும் ஒரே பக்கம் முகம் திருப்பி நின்றன.

"இத்தனை பேர் ஒரே பக்கம் பாக்கறாங்க பாபூஜி. விஷயம் இல்லாமலா பாப்பாங்க? நாமும் அந்தப் பக்கம் பாத்துடலாம்" என்றார்.

ஆன்டெனாவைத் திருப்ப முடியாது. ஆகவே வேனைத் திருப்பினார். ஸ்டியரிங்கை ரேடியோக் குமிழ் மாதிரி உருட்டி முன்னே, பின்னே, மறுபடி முன்னே. நான் உள்ளேயிருந்து, "வருது... வருது... போச்சு!" என்று கத்தினேன். பதறாமல் அரையடி பின்வாங்கினார். வண்டியின் மூக்கு கரும்புத் தோட்டத்துக்குள்ளும் வால் கயிற்றுக் கட்டில்களுக்கு நடுவிலும் இருந்தது. கடைசியில் இறங்கிப்போய் ஒரு செங்கல்லை எடுத்துவந்து, பின்சக்கரத்தின் அருகில் வைத்து, அதன்மேல் ஏற்றினார். பனி நின்றது. பத்து இருபத்தெட்டு. என் முந்நூறு பக்கப் புத்தகத்தில் செங்கல்லைப் பற்றி ஒரு வரி கிடையாது. எத்தனையோ பொறியாளர்களின் கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு வண்டியையே இப்படித் திருகி நிலையத்தைப் பிடித்த மனிதரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியிலேயே மச்சான் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மனைவி திரையைப் பார்க்கவேயில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் மச்சான் தங்கை பக்கம் திரும்பினார். "ஏட்டி, அந்த வாத்தியாரு இன்னும் டவுன்லதான் இருக்காரு. ஊருக்குப் போனதும் நானே போயிப் பாத்துச் சொல்லுதேன்."

"அச்சா" என்றாள் அவள், அவர் மடியிலிருந்த குல்லாவை எடுத்து மடித்தபடி.

நான் வெளியே வந்து, வேன்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதையும் செலவழித்துப் பாராட்டிக்கொண்டிருந்தேன். டீ கிளாஸ்களோடு வந்த தாபாக்காரர், கரும்புக்குள் தலைவிட்டு நிற்கும் வேனையும் செங்கல்லையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் கூரையிலிருந்த மூங்கிலைக் காட்டி, "அது நம்ம ஆன்டெனாதான் பாபூஜி" என்றார். "உள்ளே கலர் டி.வி. காலையிலேர்ந்து ஓடிக்கிட்டிருக்கு. உக்கார பெஞ்சும் இருக்கு."