வெள்ளைக்காலி கேட்ட குரல்

ஏறாவூரில் எங்கள் தெருவிலேயே யாரையும் நம்பாத மனுசி என்றால் றஸீனாதான். மீன்காரன் தராசைத் தூக்கினால் மீனைப் பார்க்க மாட்டாள், அவன் விரலைத்தான் பார்ப்பாள். கணவர் மௌத்தான பிறகு ஆடு வளர்த்துப் பிழைப்பவள், ஏமாந்தால் தாங்காது என்பது உண்மைதான். அதற்காக இப்படியா? பக்கத்து வீட்டுக்காரி நான் ஒரு பப்பாசிப் பழம் கொடுத்தாலும், ஏன் கொடுத்தாள் என்று யோசித்துவிட்டுத்தான் வெட்டுவாள். தம்பி றமீஸ் ஒருவன்மீது மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன மாதம் அவளுடைய வெள்ளைக்காலி ஆட்டின் குட்டி காணாமல் போனது. எங்கள் தெரு ஆடுகளை வாவிக்கரைக்கு ஓட்டிப்போய் மேய்ப்பவர் முகைதீன்பாவா. குட்டியையும் தாயையும் சேர்த்துத்தான் அவள் வீட்டு வாசல் கேற்றடியில் விட்டதாக அவர் சொன்னார். "வித்துத் திண்டுபோட்டுப் பொய் சொல்றார்" என்று றஸீனா தெருவே கேட்கக் கத்தினாள். பாவம், மனுசன் பள்ளிவாசலுக்குப் போய்க் குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார். அதுவும் பொய்ச் சத்தியம் என்றாள். "எனக்கும் அவர்லதான் ஐமிச்சம், ராத்தா" என்று றமீஸும் ஒத்து ஊதினான். ஒவ்வொரு வீடாக அவரிடமிருந்து ஆடுகளை எடுத்துக்கொண்டார்கள். இனி அவரை இந்தத் தொழிலில் விடுவதா இல்லையா என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிருவாகம் முடிவு சொல்ல இருந்தது.

அந்த வாரம்தான் பல்கலைக்கழகத்திலிருந்து விதுர்ஷா என்ற பிள்ளை வந்தாள். குட்டியைக் கண்ணால் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டுத் தாயாடு தன் குட்டியை அடையாளம் காணுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஊரெல்லாம் சுற்றிக் குட்டிகளின் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தாள்.

"ஆடு கத்துறதப் புடிச்சி என்ன செய்யப் போறீங்க? ஆட்டுக்கும் வரி போடவா?" என்றாள் றஸீனா.

"இல்ல அன்ரி. குட்டி இல்லாத தாயாடு ஒண்டும் எனக்கு வேணும். மற்றக் குட்டிகள்ட சத்தத்துக்கு அது திரும்பாது எண்டு காட்டத்தான்."

நான் பொறுப்பு நின்ற பிறகே றஸீனா சம்மதித்தாள். வேலிக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்து விதுர்ஷா முதல் குட்டியின் சத்தத்தைப் போட்டாள். வெள்ளைக்காலி அசை போட்டுக்கொண்டே நின்றது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது குரல் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. குட்டி பிறந்தபோது நக்கிக்கொண்டே அடித்தொண்டையில் முனகியதே, அதே முனகல். சத்தம் நின்ற பிறகும் வேலியை மோந்து மோந்து கத்தியது. விதுர்ஷா குழம்பிப்போய், ஸ்பீக்கரை மறுபக்கம் மாற்றி வைத்துப் பார்த்தாள். ஆடு அங்கேயும் ஓடியது.

"இது ஆர்ட வீட்டுக் குட்டி?" றஸீனாவின் குரல் மாறிவிட்டது.

"றெயில் றோட்டுக்கு அங்கால, றமீஸ் எண்டவர்ட வீட்டுக் கொட்டிலுக்குள்ள நிண்டது."

"பொய். மெஷின்ல என்னமோ செஞ்சி வெச்சிரிக்கீங்க."

அப்படிச் சொன்னாளே தவிர, கை கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. நானும் பின்னால் ஓடினேன். கொட்டில் கதவைத் திறந்ததும் குட்டி நேரே வெள்ளைக்காலியின் மடியில் முட்டியது. றமீஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மகன்ட சுன்னத்துக்கு வளக்க எடுத்தன், ராத்தா. கேட்டாத் தருவீங்களா? ஆயிரம் கேள்வி கேப்பீங்க."

எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று விடவேண்டும் போலிருந்தது. றஸீனா வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே பள்ளி நிருவாகத்திடம் போய், திருடியது தன் தம்பிதான் என்று அழுதுகொண்டு சொன்னாள். அவள் இவ்வளவு செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. அங்கிருந்து ஆட்டையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு முகைதீன்பாவாவின் வீட்டுக்குப் போனாள்.

"மன்னிச்சிருங்க, காக்கா. வெள்ளைக்காலி கள்ளனக் காட்டித் தந்திட்டு. பழையபடி நீங்களே மேய்ச்சலுக்குக் கொண்டு போங்க" என்று கயிற்றை நீட்டினாள்.

அவர் ஆட்டின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நான் அல்லாஹ்ட வேதத்துல கை வெச்சிச் சொன்னன், தங்கச்சி. அத நீங்க நம்பல்ல. ஆடு கத்தினத நம்பிட்டீங்க."

கயிற்றை அவர் வாங்கவில்லை.