நர்ஸம்மாவும் மசியாத போல்ட்டும்

தன் காரைப் பழுது பார்க்கக் கை வைக்கும் முன் நர்ஸம்மா வளையல்களைக் கழற்றிக் கணவரின் சட்டைப் பையில் போட்டுவிடுவார். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி சொன்னதைச் செய்வதோடு சரி.

நர்ஸம்மா ஐம்பது கிலோ தேறமாட்டார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் புண் கழுவிக் கட்டுப் போடுகிறவர். வண்டி விஷயத்திலும் அதே பேச்சுதான். பழைய ஆயிலைச் ‘சீழ்’ என்பார்.

போன வாரம் டைமிங் பெல்ட்டில் வெடிப்பு கண்டது. அறுந்தால் இஞ்சினே போய்விடும். பெல்ட்டை மாற்ற, இஞ்சின் தண்டின் முனையிலுள்ள புல்லிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருந்த ஒற்றை போல்ட்டோ குரங்குப் பிடி. பட்டறைக்காரர் இரண்டு முறை முயன்றுவிட்டுக் கையை விரித்தார். “இஞ்சினை இறக்கணும்மா. பத்து நாளாகும்.”

மறுவாரமே பதினோரு நோயாளிகள் காத்திருந்தார்கள்.

நர்ஸம்மா மூன்று நாள் போல்ட்டில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஞாயிறு காலை, பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் கூப்பிட்டார். முன்சக்கரம் இல்லாமல் வண்டி முட்டுகளின் மேல் நின்றது. இஞ்சின் சுற்றாதிருக்க, டாப் கியரில் போட்டுவிட்டுக் கணவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். ஸ்பேனரின் கைப்பிடியில் ஆள் நீள இரும்புக் குழாயைச் செருகினார் நர்ஸம்மா.

“ஸ்பேனர் தலை நழுவாம தாங்கிக்குங்க சார். முகத்தை மட்டும் தள்ளி வச்சுக்குங்க.”

நானாக இருந்தால் வெட்டி இழுத்திருப்பேன். அவர் குழாயின் நுனியில் இரு கைகளையும் வைத்து, உடம்பின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். குழாய் வில்லாக வளைந்தது.

“உடைஞ்சிடப் போகுதும்மா” என்றார் கணவர்.

“உடையாது. நீங்க காலை எடுத்துடாதீங்க.”

கண்களை மூடிக்கொண்டார். “வருது” என்றார். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று எலும்பு முறிந்தாற்போல் ஒரு சத்தம். போல்ட் கால் சுற்று திரும்பியிருந்தது.

“எப்படி ஒத்தக்கால்ல நின்னுச்சு பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

பெல்ட் மாறியது. புது போல்ட்டை முறுக்குவதில் இன்னும் கறார். இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனர் ‘க்ளிக்’ என்றதும் சாக்பீஸால் கோடு கிழித்து, அங்கிருந்து சரியாகக் கால் சுற்று. மயிரிழை தாண்டவில்லை.

“இன்னும் கொஞ்சம் இறுக்கினா என்ன?” என்று கேட்டேன்.

“கட்டை இறுக்கிப் போட்டா ரத்தம் நின்னுடும் சார்.”

மூடிகளை மாட்டி, கியரை நியூட்ரலுக்கு மாற்றச் சொன்னார். சாவியின் முதல் திருப்பலிலேயே இஞ்சின் உறுமி, பிறகு சீராக ஓடியது.

நர்ஸம்மா கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். கணவரின் கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது. மரத்துப்போய், எடுக்க வரவில்லை. நர்ஸம்மா தரையில் மண்டியிட்டு, கரி படிந்த இரு கைகளாலும் அந்தக் காலை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.