கூரைபறந்தான் மேடு

என் நண்பனின் தங்கைக்குக் கூடிவந்த கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். ஒரு சிரிப்புக்காகக் கெடுத்தேன்.

அவன் வீடு தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த மணல்மேட்டில் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் சூறைக்காற்று எங்கே அடித்தாலும் இந்த மேட்டில் நாலு கீற்றுக்கூரையாவது கிளம்பிவிடும். அதனால் சுற்றுவட்டாரமே அதைக் ‘கூரைபறந்தான் மேடு’ என்றது. பஸ் கண்டக்டர்கூட, “பறந்தான்லாம் எறங்கு!” என்றுதான் கத்துவார். அந்தப் பேரைக் கேட்டதும் பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பங்கள் பின்வாங்கிவிட்டன.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் தட்டாஞ்சாவடியில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். நான் எழுத்தர், அவன் பிட்டர். வில்லியனூரிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தபோது யோசனை சொன்னது நான்தான்.

“தவளக்குப்பம்னு மட்டும் சொல்லுடா. உன் மாமா வூட்டுல வச்சிப் பொண்ணக் காட்டு. மேட்டப் பத்தி மூச்சு வுடாத.”

அப்படியே செய்தான்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் அந்த மாமா வீட்டில் இருந்தேன். காற்றில் கதவு படாரென்று மோதியது. “இங்க காத்து ஜாஸ்தியோ?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“இதெல்லாம் ஒரு காத்தாங்க? இவன் வூட்டுக்கு வந்து பாருங்க. கூரைபறந்தான் மேட்டுல தங்கச்சி பறந்துடாம கயிறு போட்டுக் கட்டியில்ல வளத்திருக்கான்!”

சொன்னது நான். எல்லோரும் மாப்பிள்ளை வீட்டாரையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் கவனிக்கட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் சிரித்தார். நண்பன் என்னைப் பார்த்தான். வந்தவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

பத்து நாள் கழித்துத் தனியாக வில்லியனூர் போனேன். மறைக்கச் சொன்னது நான்தான், அவன்மேல் தப்பில்லை என்றேன். மாப்பிள்ளையின் அப்பா என்னை உட்காரச் சொன்னார்.

“எங்க ஊர்ல மட்டும் காத்தடிக்கலியா? மறச்சதுதான் வலிச்சுது. சரி, வரச் சொல்லுங்க.”

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது நண்பனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் நிமிரவில்லை.

“அவுங்க முன்னால திரும்ப வந்து நிக்கமாட்டேன்னுடுச்சு தங்கச்சி. நானும் நிக்க வைக்கமாட்டேன்.”

“என்மேல கோவமாடா?”

“பட்டறையில அத்தினி பேரும் என்னைப் பறந்தான்னு கூப்புட்டாங்க. நீ ஒருத்தன்தான் பேர் சொல்லிக் கூப்புட்ட. அதான்டா உன்ன நம்புனேன்.”

சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு லேத் மெஷின் பக்கம் போய் உட்கார்ந்தான். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. பட்டறையில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தான். என் மேசையைத் தாண்டிப் போனான். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.