செப்புப் பெட்டியும் செல்வியின் உள்ளங்கையும்

நேற்று அண்ணனின் பருப்பு மண்டியில், மல்லி நெடியில் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லோடு வந்தது. அண்ணன் ஒரு கம்பியை மூட்டைக்குள் செருகினார். கையிலிருந்த கருவியில் எண்ணைப் பார்த்துவிட்டு, "ஈரம் இல்ல, எறக்குங்க" என்றார். அவ்வளவுதான்! இதே ஈரத்தை அளக்க நானும் என் கல்லூரித் தோழி செல்வியும் பட்ட பாட்டைக் கேட்க அவருக்கு நேரமில்லை. நீங்களாவது கேளுங்கள்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு செப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் நுண்ணலையை அனுப்பினால் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் மட்டும் பெட்டி ஒத்து அதிரும். திரையில் அந்த இடத்தில் கோடு பள்ளமாக விழும். துளை வழியாக ஏதாவது ஒரு பொருளைத் தொங்கவிட்டால் பள்ளம் நகரும். குடத்தில் தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மாறுமே, அந்த மாதிரி. எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அந்தப் பொருளின் மின்காப்பு மாறிலி தெரியும், அதை வைத்து ஈரமும் தெரியும். செல்வி தொங்கவிட்டது வெடிக்குழாய் சுற்றும் காகிதம். மருந்தில்லாத வெறும் காகிதம்தான், பயப்படாதீர்கள்.

செல்வி விஸ்வநத்தத்துக்காரி. பட்டாசு ஆலையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டே எம்.எஸ்சி. முடித்தவள். "இந்த வருசம் முடிக்கலேனா சீசனுக்கு வேலைக்கு வந்துரணும்" என்று வீட்டில் சொல்லித்தான் ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். அலையை அனுப்பும் கருவியோ வேறொரு கல்லூரியிலிருந்து வாங்கிய இரவல். அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் நெருங்கிவிட்டது. வெறும் பெட்டியே காலையில் ஓர் எண், மாலையில் ஓர் எண் என்று ஆட்டம் காட்டியது. கரண்ட்டைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், கடைசியில் "நீ பக்கத்துல தும்மாம இருடி" என்று என்னையும் திட்டினாள்.

பெருநாளுக்கு முந்தின நாள் மருதாணிக் கோன் கொண்டுபோய், வேண்டாம் வேண்டாம் என்றவளைப் பிடித்து உட்காரவைத்து இரண்டு உள்ளங்கையிலும் போட்டுவிட்டேன். அவள் கையை விரித்தபடி உட்கார்ந்திருக்க, நான் இடுக்கியால் காகிதத்தை விட்டும் எடுத்தும் பார்த்தேன். எத்தனை முறை எடுத்தாலும் வெறும் பெட்டி அதே எண்ணுக்கு வந்து நின்றது.

"ஆத்தி! என்னடி பண்ணுன?"

"நான் ஒண்ணும் பண்ணலடி."

தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நான்தான்டி" என்றாள்.

ஆலையில் கொட்டகைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டாக வேண்டும். உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். இல்லையென்றால் ஒரு பொறி போதும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் செம்பைக் கண்டதும் கையை வைத்துவிடுவாள். வைத்த கையை எடுக்காமலே என்னோடு கதை பேசுவாள். உள்ளங்கைச் சூட்டில் பெட்டி மயிரிழை விரிந்து பள்ளம் தள்ளிப்போயிருக்கிறது.

நானாக இருந்தால் பழையதில் தேறியதைப் பொறுக்கி ஒப்பேற்றியிருப்பேன். அவள், "அம்புட்டும் தப்பு. மொதல்லருந்து எடுப்போம்" என்றாள். பெருநாள் கழிந்ததும் கைகளைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் அளந்தேன். கருவியை ஏற்ற வண்டி வந்து வாசலில் நின்றபோதுதான் கடைசிக் காகிதம் முடிந்தது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. எப்பேர்ப்பட்டவள்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமைதான்.

அந்த அறையை இடித்துவிட்டார்கள். பெட்டி எங்கே போனதோ. முனைவர் செல்வியும் வடக்கே போய்விட்டாள். இதிலெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு. அவளுக்குப் போனது அன்றைக்கே போய்விட்டது.

வண்டி கிளம்பியதும் போனில் அம்மாவைக் கூப்பிட்டு, "முடிஞ்சிருச்சும்மா. இனி சீசனுக்கு நான் வரல" என்றாள்.

"நல்லாருப்ப தாயி. அப்ப உன் எடத்துக்கு வேற ஆளப் போடச் சொல்லிருதேன்."

போனை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். நான் பதறிப்போய், "ஏன்டி, இதுக்குத்தான இம்புட்டுப் பாடு?" என்றேன்.

"ஆமாடி. ஆனா அது அம்மா பக்கத்து எடம்."